பெருக்கல் குறி போட்ட பலகை

இப்போது அண்ணாச்சி படமே பார்ப்பதில்லை. வீட்டு டிவியில் ஏதாவது ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாராம். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மைனி, சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் சீடி கடை ஓடிய வருஷங்களில் இந்த மனுஷன் அளவுக்குப் படம் எடுத்துக்கொண்டு போனவர் பாளையங்கோட்டையிலேயே கிடையாது. எடுத்துப்போன படத்தை இவர் அளவுக்குப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தவரும் கிடையாது. இரண்டுமே உண்மைதான், எப்படியென்று சொல்கிறேன்.

கடையைத் தொடங்கியது என் வீட்டுக்காரர். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவர் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார். கடை என் தலையில் விழுந்தது. எனக்குச் சினிமா என்றாலே ஆகாது. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடுத்த வீட்டுச் சண்டையைப் பார்க்க எவளுக்குப் பொறுமை இருக்கிறது? ஆனால் வியாபாரத்துக்கு அது சரிப்படாது. சண்டை இருக்கா, பாட்டு நல்லாருக்கா, பிள்ளைகளோட பாக்கலாமா என்று மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் பதில் தெரிந்து வைத்திருந்தேன். இவர் வந்து நாலாவதாக ஒன்று கேட்டார்.

"ஏ பிள்ள, இதுல தவ்லா வருதா?"

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மாதா படத் துண்டு, உத்தரியம் என்பார்கள். கால் இரண்டையும் அகட்டி வைத்து நின்றார். தரை எந்த நேரமும் ஒரு பக்கம் சாயும் என்று எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது. ஏதோ இந்தி நடிகரைக் கேட்கிறார் என்று நினைத்து, "அவரு படம் எல்லாம் வெளிய போயிருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

"ஆளு இல்ல பிள்ள, ஆட்டம். ஒரு பெட்டிய ரெண்டாத் தொறந்து வச்சிருப்பானுவ. உள்ள முக்கோணம் முக்கோணமா வரைஞ்சிருக்கும். ரெண்டு கட்டைய உருட்டி வட்டக் காய நவுத்துவானுவ. அரபு நாட்டுல தவ்லாம்பான், வெள்ளக்காரன் பேக்கமன்னு சொல்லுதான். நம்ம தாயந்தான், கோட்டு போட்ட தாயம்."

எந்தப் படத்தில் யார் எந்தக் கட்டையை உருட்டினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வெளிநாட்டுப் படம் இருந்த தட்டைக் காட்டி, நீங்களே பாத்துக்கிடுங்க என்றேன். அன்றிலிருந்து அந்தத் தட்டு அவருடையது.

அவர் படம் பார்க்கிற விதத்தைப் பிற்பாடு ஒருநாள் அவர் வீட்டிலேயே பார்த்தேன். ரிமோட்டைக் கையில் எடுத்து ஓட்டுவார். கல்யாணம், சாவு, துப்பாக்கிச் சண்டை, முத்தம் எல்லாம் விர்ரென்று ஓடும். எங்கேயாவது மேஜை மேல் அந்தப் பெட்டி தெரிந்தால் போதும், டப்பென்று நிறுத்துவார். டிவி பக்கத்தில் போய் மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி குனிந்து பார்ப்பார். அப்புறம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அணைத்துவிடுவார். அரை மணி நேரத்தில் சீடி கடைக்குத் திரும்பி வரும். கதை எப்படி அண்ணாச்சி என்று கேட்டால், "கதை கெடக்கு" என்பார்.

ஆனால் அந்த ஆட்டத்தைச் சினிமாக்காரர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று கேளுங்கள், கடையை மூடுகிற வரைக்கும் சொல்வார்.

"பழைய கருப்பு வெள்ளப் படம் இருக்குல்லா, அதுல பணக்காரன்தான் ஆடுவான். கப்பல் மேல்தளத்துல குடைக்குக் கீழ இருந்து பொண்டாட்டிகூட ஆடுவான். ஆட்டத்துல கவனமே இருக்காது, பேச்சுதான். பொறவு கலர் வந்துச்சா, வேவு பாக்கவன் கையில கொடுத்துட்டான். வில்லன் கட்டையில ஈயம் ஊத்தி வச்சிருப்பான், இவன் அதைக் கண்டுபிடிச்சிருவான். அரபு நாட்டுக் கதைன்னா டீக்கடையில ரெண்டு கெழவன் ஆடுவான். அவனுவ தலைய நிமிந்து பாத்தானுவன்னா குண்டு வெடிக்கப் போவுதுன்னு அர்த்தம். இப்பம் வார படத்துல அப்பனும் மவனும் பேச்சில்லாம இருப்பானுவ. பேச வைக்கணும்னா நடுவுல பலகைய வச்சிருதானுவ."

"நம்ம படத்துல வரலையா அண்ணாச்சி?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "வந்துச்சே. வில்லன் பங்களாவுல சோபாக்கு முன்னால பலகைய விரிச்சி வச்சிருக்கானுவ. அது மேல செஸ் காய அடுக்கி வச்சிருக்கான் பிள்ள. யானையும் குதிரையும் முக்கோணத்துல நிக்கி."

கட்டை உருளுவது இன்னொரு வருத்தம். சினிமாவில் எவன் உருட்டினாலும் ஆறும் ஆறும்தான் விழும் என்பார். "ஒருத்தனுக்காவது ரெண்டும் மூணும் விழுதா பாரு. வாழ்க்கையில மனுசனுக்கு அதுதான விழுது?" ஆட்டத்தை ஒரு படத்திலும் முடிக்க விடமாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய வருத்தம். போன் வரும், இல்லையென்றால் போலீஸ் வரும், இல்லையென்றால் கோபத்தில் எவனாவது பலகையைத் தட்டிவிடுவான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு குற்றச்சாட்டு இருந்தது. உலகத்தில் எல்லாப் படத்திலும் ஆட்டத்தைத் தப்பாகவே காட்டுகிறார்கள் என்பார். "காயெல்லாம் ஆரம்பத்துலயே உள்ள இருக்கு. தாயம் போடாம காய் எப்படி உள்ள வரும்? மலையும் ஒரு பலகையிலயும் இல்ல." மலை என்றால் தாயக் கட்டத்தில் நாம் பெருக்கல் குறி போடுகிற இடம். அதில் காய் நின்றால் எதிராளி வெட்ட முடியாது. அவர் வீட்டில் இருந்த பலகையில் சில முக்கோணங்களில் சாக்பீஸால் பெருக்கல் போட்டிருந்தது. நான் சரி சரி என்று கேட்டுக்கொள்வேன். எனக்கு அந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

இப்படியும் ஒரு கிறுக்கா என்றுதான் முதலில் நினைத்தேன். மைனி கடைக்கு வந்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது.

நல்ல வெயில். மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு கூடையோடு வந்து நின்றார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பையக் கேட்டார்.

"எம்மா, வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்காரரு இங்கன தெனமும் வாராருல்லா. அவரு எந்த மாதிரிப் படம் எடுத்துட்டு வாராரு?"

கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. "அந்த மாதிரிப் படமெல்லாம் நம்ம கடையில கெடையாது மைனி."

"அப்பம் என்னத்துக்கு நான் உள்ள வந்தா நிறுத்துதாரு?"

"நீங்க வந்ததுனால நிறுத்தல. ஆட்டம் வார எடம் முடிஞ்சிருக்கும்."

ஆட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் மைனியின் முகம் சுருங்கிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, அவர் கவனிக்கவில்லை.

இருவருக்கும் புன்னக்காயல்தான் சொந்த ஊர். கல்யாணம் பேசும்போது அவர் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர். கல்யாணத் தேதிக்கு முன்னால் கப்பல் தூத்துக்குடி வந்துவிடும் என்பது கணக்கு.

"கோயில்ல இன்னாருக்கு இன்னாருன்னு மூணு ஓலையும் வாசிச்சாச்சு. பந்தல் போட்டாச்சு. என்னைய வெள்ளச் சேலை உடுத்தி, தலையில கிரீடம் மாதிரி முடி வச்சி உக்கார வச்சாச்சு. மாப்பிள்ளையக் காணும். காலையில கப்பல்காரனுவ ரெண்டு பேரு பஸ்ஸுல வந்து எறங்குதானுவ. கப்பல் வந்துட்டு, அவன் வரல, அலெக்சாந்திரியாவுல கரைக்குப் போனவன் திரும்பி ஏறலன்னு சொல்லுதானுவ. ஊரு என்ன பேசும்? கரையில எவகிட்டயோ போயிட்டான்னு பேசுச்சு."

அடுத்த மாதம் வேறு கப்பலில் வந்து இறங்கினாராம். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, சினிமா ஷூட்டிங்கில் மாட்டிக்கொண்டேன், தவ்லா ஆடுகிற மாதிரி நடிக்கச் சொன்னார்கள் என்றாராம். மைனியின் அப்பா அரிவாளை எடுக்கப் போய்விட்டார். மைனிதான், கட்டுனா இவரைத்தான் கட்டுவேன் என்று நின்றிருக்கிறார்.

"நம்பாமலா கட்டிக்கிட்டிய?" என்றேன்.

"பிடிச்சிருந்துச்சு. அதுக்காவ நம்பணுமா?"

நான் கூடைக்கு அடியில் பழைய துணி ஒன்றைப் போட்டேன்.

"இத்தன வருசத்துல ஒரு வாட்டியாவது உள்ளதச் சொல்லிருக்கலாம்லா" என்றார் மைனி. "எவகூடயோ நாலு நாளு இருந்துட்டேன், புத்தி கெட்டுப் போச்சுன்னா அழுது தீத்துட்டு அத்தோட விட்டுருப்பேன். சினிமாவுல நடிச்சேன்னு சொல்லுதாரு. என்னைய அம்புட்டு கூறுகெட்டவன்னு நெனச்சிட்டாருல்லா, அதான் ஆற மாட்டேங்கு."

அந்த வீட்டில் அலெக்சாந்திரியாக்காரி என்று ஒருத்தி இருந்தாள். அவளை யாரும் பார்த்ததில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று இவர் வாயைத் திறந்தால், "அவ கையால தின்ன நாக்கு, அப்படித்தான் இருக்கும்" என்பார் மைனி. புதுச் சட்டை போட்டால், "யாரு, அலெக்சாந்திரியாக்காரி வாராளா?" பிள்ளைகள் பிறந்து, படித்து, கட்டிக்கொடுத்துப் போன பிறகும் அவள் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு அண்ணாச்சி போன இடத்தில்கூட, "கல்யாணத்துக்கு வராமப் போனேன் சாமி, ஷூட்டிங்குல இருந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். சாமியார், "சரி, மத்ததையும் சொல்லிரும்" என்றாராம். இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மைனி வந்து போனதை நான் மறைக்கவில்லை. மறுநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "நெசமாவே நடிச்சியளா அண்ணாச்சி?"

"நடிக்கல. ஆடுனேன்" என்றார்.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. கப்பல் அங்கே நிற்கும்போதெல்லாம் அவர் போய் உட்காருகிற கடை. அங்கே ஒரு கிழவர் இவருக்குக் கூட்டாளி. இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, கட்டையும் காயும்தான். அன்றைக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் வந்திருக்கிறது. எந்தத் தேசத்துக்காரர்கள் என்று இன்றுவரை தெரியாது. நீங்க பாட்டுக்கு ஆடுங்க என்று கையைக் காட்டிவிட்டு, முன்னால் ஓர் ஆணையும் பெண்ணையும் நிறுத்திச் சண்டை போட வைத்திருக்கிறார்கள்.

"சாயந்தரம் வெளிச்சம் போயிட்டு. நாளைக்கும் இதே சட்டையோட வந்து இதே இடத்துல இருக்கணும்னு சைகை காட்டுனான். காய எவனும் தொடக் கூடாதுன்னு பலகை மேல துணியப் போட்டு மூடிட்டான். நான் ஜெயிக்கிற கட்டம் பிள்ள. பாதி ஆட்டத்துல எப்படி எழும்பி வர? மறுநாளும் முடியல. கப்பல் நாளைக்கு ராத்திரிதான் போவும்னு நெனச்சிட்டு இருந்துட்டேன். அது காலையிலயே போயிட்டு."

"ஆட்டத்த முடிச்சியளா?"

"எங்க முடிக்க விட்டான்? வெளக்க அணைச்சிட்டுப் போயிட்டானுவ."

எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவள் ஊரில் காத்திருக்க, இந்த மனுஷன் பாதி ஆட்டத்துக்காகக் கப்பலை விட்டிருக்கிறார். "உம்ம என்ன செஞ்சாத் தகும்" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். "நீயும் அவளை மாதிரியே பேசுத" என்றார். ஆனால் ஒன்று, பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான். அதனால் நான் நம்பினேன். நம்பிய முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. அன்றைக்கு அவர் டீ சொல்லி, டம்ளரை அவரே கையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

படத்தின் பேர் தெரியாது. பாஷை தெரியாது. நடித்தவர்கள் யாரென்று தெரியாது. கையில் இருந்த ஒரே அடையாளம், அந்தப் படத்தில் தவ்லா வரும் என்பது. அதை வைத்துக்கொண்டுதான் அந்த ஆள் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்.

சீடி காலம் முடிந்தது. கடையை மொபைல் கடையாக மாற்றினோம். அவர் ஸ்டூலில் வந்து உட்காருவது நிற்கவில்லை. என் தூக்குச்சட்டியைத் திறக்காமலே, "உளுந்தஞ்சோறா? எள்ளுத் தொவையலுக்குப் புளி பத்தாது" என்று சொல்வதும் நிற்கவில்லை. ஆக்கித் தின்ற எனக்கே அது தெரியாது.

ஒருநாள் சும்மா இருக்காமல் அந்த ஆட்டத்தை என் போனில் இறக்கினேன். அவருக்குக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். திறந்தால் காயெல்லாம் ஏற்கெனவே பலகைக்குள் இருக்கிறது. பெருக்கல் குறி எதுவும் இல்லை. விதிகளை இரண்டு தடவை படித்தேன். தாயம் போட்டுக் காயை உள்ளே கொண்டுவருவது என்று ஒன்று கிடையவே கிடையாது. மலையும் கிடையாது. எல்லாப் படத்திலும் சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள். இவர்தான் தப்பு.

எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவர் வந்ததும் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு யாரு அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தா?"

கப்பலில் நம் ஊர்ப் பையன்கள் சொல்லிக்கொடுத்ததாம். எவனோ ஒருத்தன் துறைமுகத்தில் பலகை வாங்கி வந்திருக்கிறான். எப்படி ஆடுவது என்று அரைகுறையாகத்தான் தெரியும். தெரியாத மீதியை எல்லாருமாகச் சேர்ந்து தாயத்திலிருந்து போட்டு நிரப்பிக்கொண்டார்கள். அதைத்தான் இவர் அலெக்சாந்திரியா வரைக்கும் கொண்டுபோய், பலகையில் சாக்பீஸால் பெருக்கல் போட்டு, அந்தக் கிழவரையும் ஆட வைத்திருக்கிறார்.

"அங்கன மத்தவங்க வேற மாதிரி ஆடுறதப் பாக்கலையா?"

"பாத்தேன். அவனுவ அவசரத்துக்குக் காய உள்ள வச்சே ஆரம்பிக்கானுவன்னு நெனச்சேன்." போனை என் பக்கம் தள்ளி வைத்தார். "அந்தக் கெழவன் நல்லவன் பிள்ள. ஒரு நாளும் தப்புன்னு சொல்லல, என் ஆட்டத்தையே ஆடுனான்."

பைய எழுந்து போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஸ்டூலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மைனிதான் வந்தார். "ஈரத் துணியப் போட்டு பலகையத் தொடச்சி, கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. என்ன சொன்ன நீ?" சொன்னேன். மைனி கேட்டுவிட்டு, மெதுவாக, கோபமே இல்லாமல் ஒன்று சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆட்டமே தெரியாத ஆள வச்சி எவன் படம் எடுப்பான்? பாத்தியா, அதுவும் பொய்தான்."

நியாயமான கேள்வி. அத்தனை வருஷம் அந்த மனுஷன் ஒரு நூலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார், நான் போய் அதையும் வெட்டிவிட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து சினிமா பிடிக்காத நான் தேட ஆரம்பித்தேன். ஆள் இல்லாத நேரமெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. எகிப்துப் படம், இத்தாலிப் படம், துருக்கிப் படம் எல்லாவற்றையும் அவர் பார்க்கிற மாதிரியே விர்ரென்று ஓட்டினேன். டீக்கடை வந்தது, கிழவர்கள் வந்தார்கள், குண்டும் வெடித்தது. இவரைத்தான் காணவில்லை. அவருடைய முகமாவது படத்தில் தெரியுமா என்பதே நிச்சயமில்லை.

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தபோது ஒரு வீடியோ கிடைத்தது. எந்த நாட்டுக்காரனோ, அந்தக் காலத்திலிருந்து இந்தக் காலம் வரை படங்களில் பேக்கமன் ஆடுகிற காட்சியை மட்டும் வெட்டி வெட்டி ஒட்டிப் போட்டிருந்தான். இவரை மாதிரி இன்னொரு கிறுக்கனும் உலகத்தில் இருக்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பார்த்தேன். குடைக்குக் கீழே பணக்காரன் வந்தான். ஈயம் ஊத்தின கட்டை வந்தது. அப்பனும் மகனும் வந்தார்கள். அண்ணாச்சி சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் வரிசையாக வந்தது.

அப்புறம் நிறம் மங்கின ஒரு படம். முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் ஏதோ பாஷையில் சண்டை போடுகிறார்கள். பின்னால் ஒரு மேஜை. கேமரா அதன் பக்கத்தில் இறங்கி வருகிறது. பலகை தெரிகிறது. காயெல்லாம் பலகைக்கு வெளியே அடுக்கி இருக்கிறது, ஒன்றிரண்டுதான் உள்ளே. முக்கோணங்களில் சாக்பீஸால் பெருக்கல் குறி.

சோறு கையிலேயே காய்ந்துவிட்டது.

வீடியோ போட்டவன் கீழே எழுதியும் வைத்திருந்தான். எனக்கு இருக்கிற இங்கிலீஷுக்குப் புரிந்தது இவ்வளவுதான். இந்தப் படத்தில் பலகையில் ஏன் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், காய்கள் ஏன் வெளியே இருக்கின்றன என்று தெரியவில்லை, படம் எடுத்தவர்களுக்கு ஆட்டம் தெரியாது போலிருக்கிறது. அதற்குக் கீழே ஊர் ஊராக ஆட்கள் தகராறு. ஒருத்தன் அது ரகசியக் குறி என்கிறான். இன்னொருத்தன் அந்த நாட்டுப் பழைய சடங்கு என்கிறான். சடங்குமில்லை, ஒரு மண்ணுமில்லை. புன்னக்காயல்காரர் தாயம் ஆடியிருக்கிறார், அவ்வளவுதான்.

கையைக் கழுவிவிட்டு ஷட்டரை இழுத்தேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த வெயிலில் செருப்பு மாட்டினேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

மைனி அடுக்களையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் அவரிடம் போகவில்லை. நேரே மைனியிடம் போய், "கையத் தொடைங்க. இதப் பாருங்க" என்றேன்.

மைனி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். நான் அந்த இடத்துக்கு ஓட்டிக் கொடுத்தேன். சண்டை, மேஜை, பலகை. முகம் தெரியவில்லை, சட்டையும் கையும்தான். கறுத்த கை இரண்டும் கட்டையை உள்ளங்கைக்குள் வைத்து உருட்டுகின்றன, நம் வீட்டுப் பெண்கள் தாயம் உருட்டுகிற மாதிரியே நீளமாக. நெற்றி இருக்கும் இடத்துக்குத் தூக்கித் தொட்டுவிட்டுக் கீழே கொண்டுவருகின்றன. சட்டைக்குள்ளிருந்து உத்தரியத்தை இழுக்கிறது ஒரு கை. உதடு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், திரும்ப உள்ளே விட்டுவிட்டு, கட்டையை வீசுகிறது.

அந்தச் சத்தம் கேட்டதும் கட்டிலில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

மைனி போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன். மூன்றாம் தடவை அவரே விரலால் தொட்டுப் போட்டுக்கொண்டார், சாளைச் செதிள் கண்ணாடியில் ஒட்டியது.

"உத்தரியத்த முத்துதாரு. எப்பவும் கட்டைய உருட்டும்போது இவரு செய்யதுதான்" என்றார்.

அண்ணாச்சி வந்து மைனியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கெழவன் கையி" என்றார். "அந்தா, மோதிரம். அது அவன் கையி."

"உங்க ஆட்டம் தப்பாப் போனது நல்லதாப் போச்சு அண்ணாச்சி" என்றேன். "சரியா ஆடிருந்தா உம்மக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது."

மைனி இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை நிறுத்தி, முன்னால் நின்ற பெண்ணை விரலால் காட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"அப்பம் இவ யாரு?"

அண்ணாச்சி இரண்டு கையையும் ஆட்டினார். "அவ படத்துல நடிச்சவ. நான் அவ முதுகத்தான் பாத்தேன், சத்தியமா. மாதா மேல ஆணை."

"பொம்பள இல்லைன்னு சொன்னீரு. இந்தா, இருக்காளே" என்றார் மைனி. அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா இப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது, நானும் அழுதேன், எதற்கென்று கேட்காதீர்கள்.

சிரித்து ஓய்ந்ததும் மைனி குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்தார். தூசியைத் தட்டினார். அலமாரியில் தேடி ஒரு சாக்பீஸ் துண்டு எடுத்து வந்து, துடைத்துப் போன இடங்களில் ஒவ்வொன்றாகப் பெருக்கல் போட்டார். ஓரிடத்தில் பக்கத்து முக்கோணத்தில் போட்டுவிட்டார். அண்ணாச்சி திருத்த வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார். காய்களை எல்லாம் பலகைக்கு வெளியே அடுக்கி, கட்டை இரண்டையும் அவர் முன்னால் வைத்தார்.

"ம், தாயம் போடும்."

அவர் கட்டையை உள்ளங்கைக்குள் உருட்டினார். நெற்றியில் தொட்டு, உத்தரியத்தை முத்தி, போட்டார். ரெண்டும் மூணும் விழுந்தது.

"போவட்டும், இன்னொரு வாட்டி போடும்" என்று சொல்லி, மைனி கட்டையைப் பொறுக்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.